இடது கையின் வேலை

மில் மூடிப் பதினான்கு மாதம் கழித்து, நாற்பத்துமூன்றாவது வயதில், பச்சைமுத்து பலூனுக்குச் சவரம் செய்யப் பழகிக்கொண்டிருந்தான்.

சிரிக்க வேண்டாம். கத்தி பிடிக்கத் தெரியாதவனுக்கு எவன் முகத்தைக் கொடுப்பான்? பலூனை ஊதி, சோப்பு நுரை தடவி, சவரக்கத்தியால் நுரையை மட்டும் வழித்தெடுக்க வேண்டும். சிவாஜிநகர் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் சலூன் வைத்திருந்த கோவிந்தப்பா போட்ட நிபந்தனை அது. வயதில் பச்சைமுத்துவைவிடப் பத்து வருஷம் இளையவன். "வரிசையா பத்து பலூன் வெடிக்காம வழிச்சுக் காட்டுங்கண்ணா, மூணாவது சேர் உங்களுக்கு. பழைய கத்தியிலயே பழகுங்க. அதுல கை நின்னா பிளேடு கத்தி தானா வரும்" என்று சொல்லியிருந்தான்.

பழைய கத்தி வீட்டிலேயே இருந்தது. தகரப் பெட்டியின் அடியில், துணி சுற்றி. பச்சைமுத்துவின் அப்பாவுக்கு அதுதான் தொழில், ஆனால் மகனை அதைத் தொடவிடவில்லை. ஸ்ரீராம்புரத்தில் யார் வீட்டில் சாவு விழுந்தாலும் முதலில் அவரைத் தேடித்தான் ஆள் வரும். பிணத்துக்கு முகம் மழித்துவிட்டு வந்தால் நேரே வீட்டுக்குள் நுழைய மாட்டார். தெருக்குழாயடியில் குளித்து, ஈரத்துணியோடுதான் வாசலேறுவார். தண்ணீர் பிடிக்கும் பெண்கள் குடத்தைத் தூக்கிக்கொண்டு விலகி நிற்பார்கள். மகனுக்குப் பதினெட்டு வயதானதும் மில் கேட்டில் கொண்டுபோய் நிறுத்தி, "இனிமே நம்ம வீட்ல எவனும் அந்தக் குழாயடியில நிக்கக் கூடாது" என்றார். கெட்டும் பட்டணம் சேர் என்பார்கள். பட்டணத்தில் இருந்துகொண்டே கெட்டவன் எங்கே போய்ச் சேர்வது என்று ஒரு மகானும் சொல்லிவைக்கவில்லை. இருபத்து நாலு வருஷ மில் வேலை அவனுக்கு மிச்சம் வைத்தது ஒரு இருமலும், இடது கையில் நசுங்கி வளைந்த இரண்டு விரலும்தான்.

மனைவி சாந்தகுமாரி ஊதுபத்தி உருட்டிக் குடும்பத்தை ஓட்டிக்கொண்டிருந்தாள். காலையில் கரிமாவைத் தொடுவதற்கு முன்னால், பலூனை இரண்டு கையாலும் தாங்கிப் பிடிப்பாள். அவன் தோல்வாரில் தீட்டிய கத்தியைச் சாய்த்து இழுப்பான். முதல் வாரம் முழுக்க வெடிதான்.

"தீவாளிய முன்னாடியே கொண்டாந்துட்டீங்க" என்பாள், முகத்தில் தெறித்த நுரையைத் துடைத்துக்கொண்டே.

மூன்றாம் வாரம் பத்தில் ஆறு பிழைத்தது. ஐந்தாம் வாரம் பத்தும் பிழைத்தது. கடைசிப் பலூனைக் கீழே வைக்க மனமில்லாமல் சாந்தகுமாரி மடியிலேயே வைத்துக்கொண்டிருந்தாள். மில் மூடியபின் அவன் வாய்விட்டுச் சிரித்தது அன்றைக்குத்தான்.

சலூனுக்குச் செவ்வாய்க்கிழமை விடுமுறை. அன்று வரச்சொன்ன கோவிந்தப்பா, பலூன்களைத் தானே பிடித்துக்கொண்டான். பத்தில் ஒன்றுகூட வெடிக்கவில்லை. அப்புறம் தன் முகத்துக்கு நுரை பூசிக்கொண்டு நாற்காலியில் சாய்ந்தான். "இப்ப முகம். ஸ்வல்ப, கொஞ்சம் நிதானமா" என்று கன்னடம் கலந்து சொல்லிக் கண்ணை மூடினான்.

கன்னத்தில் கத்தி பட்டதுமே பச்சைமுத்துவுக்கு விளங்கிவிட்டது. பலூன் தானாகவே விறைப்பாக நிற்கும். முகம் நிற்காது. இடது கை விரலால் தோலை இழுத்துப் பிடித்தால்தான் கத்தி ஓடும், இல்லையென்றால் தோலும் கத்தியோடு கூடவே வரும். ஐந்து வாரமாக அவனுடைய இடது கைக்கு வேலையே இருக்கவில்லை. அதுதான் சாந்தகுமாரி பிடித்துக்கொண்டிருந்தாளே. பன்னிரண்டு வருஷமாக அந்த நசுங்கிய விரல்களோடு காலம் தள்ளுகிறவனுக்கு இது தோன்றாமல் போயிற்று பாருங்கள். ஆசை கண்ணை மறைத்துவிட்டது.

கட்டைவிரலால் இழுத்துப் பார்த்தான். சோப்பில் வழுக்கியது. தாடைக்குக் கீழே மூன்று இடத்தில் கீறி, நுரை சிவந்தது. கோவிந்தப்பா எழுந்து படிகாரக் கல்லைத் தேய்த்துக்கொண்டான். பிறகு பச்சைமுத்துவின் இடது கையை வாங்கி, வளைந்த விரல்களை அழுத்தினான்.

"இது தெரியுதாண்ணா?"

"இல்ல தம்பி."

"இது?"

"இல்ல."

"முன்னாடியே சொல்லியிருக்கலாம்."

"எனக்கே இப்பத்தான் தெரியுது" என்றான் பச்சைமுத்து.

கோவிந்தப்பா கெட்டவனில்லை. கெட்டவனாக இருந்திருந்தால் போய்வா என்று சொல்லியிருப்பான், பச்சைமுத்துவும் தப்பித்திருப்பான்.

"கஸ்டமர் முகத்துல உங்கள விட முடியாதுண்ணா, தப்பா நினைக்காதீங்க. ஆனா வேற ஒண்ணு இருக்கு. உங்க பக்கத்துல சாவு வீட்டுக்கு ஆள் கேட்டுக்கிட்டே இருக்காங்க. நம்ம பசங்க எவனும் போக மாட்டேங்கிறான்." தரையைப் பார்த்துக்கொண்டே தொடர்ந்தான். "அங்க முகம் விறைச்சிருக்கும். இழுத்துப் பிடிக்கத் தேவையில்ல. ரத்தமும் வராது. இன்னிக்கே ஒரு வீட்ல கூப்பிட்டிருக்காங்க."

பச்சைமுத்து அப்பாவை நினைத்தான். சாந்தகுமாரியின் கறுத்த உள்ளங்கைகளை நினைத்தான். அவை எத்தனை தேய்த்தாலும் இப்போது வெளுப்பதில்லை.

"எந்த வீடு?" என்று கேட்டான்.

செத்தவர் நல்ல தாடியுள்ள மனிதர். பலூன் பழக்கம் வீண்போகவில்லை. ஒரு கீறல் இல்லாமல் முகத்தை வழித்து முடித்தான்.

சாயங்காலம் அவன் சந்தில் திரும்பியபோது சாந்தகுமாரி வாசலிலேயே நின்றிருந்தாள். காலையிலிருந்து அங்கேதான் நின்றாளோ என்னவோ.

"என்னாச்சு? வேலை குடுத்துட்டாரா?"

"குடுத்துட்டாரு" என்றான். ஆனால் வாசலுக்கு வரவில்லை, குழாயடியிலேயே நின்றுவிட்டான். தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்த எதிர்வீட்டுச் சந்திரம்மா அவனையும் கையிலிருந்த கத்திப் பையையும் பார்த்தாள். குடம் பாதிதான் நிறைந்திருந்தது. எடுத்துக்கொண்டு விலகினாள்.

"துண்டு எடுத்தா" என்றான் மனைவியிடம். "கிட்ட வராத. அங்கயே வெச்சிட்டுப் போ."

சாந்தகுமாரி கொடியிலிருந்து துண்டை உருவி, எட்ட நின்று குழாய்த் திட்டின்மேல் வைத்தாள்.