வால்வில் சுற்றிய துணி

பதினோரு மணிக்கு ஆஸ்பத்திரியிலிருந்து இமோஜென் வருகிறாள். மணி பத்தாகப் போகிறது. ஷவரில் தண்ணீர் இன்னும் ஒண்ணுக்குப் போகிற கிழவன் மாதிரி விட்டு விட்டுத்தான் வருகிறது.

இமோஜென் பார்க்க வருவது வீட்டை. பக்கவாதம் வந்து வலது பக்கம் விழுந்துபோன என் கணவர் டெஸ்மண்டை வீட்டுக்கு அனுப்பலாமா, இல்லை முதியோர் இல்லத்தில் சேர்க்க வேண்டுமா என்று அவள்தான் சொல்ல வேண்டும். சுவரில் பிடிக்கக் கம்பி போட்டாயிற்று. ஷவருக்கடியில் நாற்காலி போட்டாயிற்று. கால் தடுக்கும் என்று மாடிப்படி விரிப்பைக்கூடப் பிடுங்கி எறிந்தாயிற்று. "குளிக்க வெந்நீர் ஒழுங்கா வருமில்ல?" என்று போனில் கேட்டாள். "ஜோரா வரும்" என்று புளுகிவிட்டேன்.

எங்கள் பாய்லர் தொட்டி இல்லாத ரகம். குழாயைத் திறந்தால் பற்றிக்கொண்டு, ஓடுகிற தண்ணீரை ஓட்டத்திலேயே சுட வைக்கும். தண்ணீர் வேகமாகப் போகாவிட்டால் பற்றாது, பற்றினாலும் பொசுக்கென்று அணைந்துவிடும். கொஞ்ச நேரம் வெந்நீர், அடுத்து ஐஸ். பாதி உடம்பு மரத்துப்போன மனுஷனை அதற்கடியில் எப்படி உட்கார வைப்பது?

மெக்கானிக்குக்குப் போன் போட்டால், "முதல் பனி விழுந்தாச்சும்மா. ஹாலிஃபாக்ஸ்ல பாதி பாய்லர் படுத்துருச்சு. வியாழக்கிழமைக்கு முன்னாடி தலைகூடக் காட்ட முடியாது" என்றான். சரி போடா என்று நானே இறங்கினேன். ஷவர் தலையைக் கழற்றி ராத்திரி முழுக்க வினிகரில் ஊறப் போட்டேன். சுண்ணாம்பு உரிந்தது, தண்ணீர் கூடவில்லை. பாய்லரில் அழுத்தம் காட்டுகிற ஒரு முள் இருக்கிறதே, அதைப் பச்சைக்கு ஏற்றினேன். அதற்கும் ஷவர் அசையவில்லை. காலையிலிருந்து மாடிக்கும் கீழுக்குமாக ஓடி ஓடி முட்டி கழன்றுவிட்டது. பாய்லரை ஒரு உதைகூட விட்டேன். வலித்தது எனக்குத்தான்.

பின்வாசல் கதவு திறந்தது. பக்கத்து வீட்டு நோரீன். கதவைத் தட்டுகிற பழக்கமெல்லாம் அவளுக்குக் கிடையாது.

"என்னடி, சுவரே இடியுற மாதிரி சத்தம்? பாய்லரோட சண்டையா?"

"வேற யாரோட போடுறது? சண்டை போட்டவரு ஆஸ்பத்திரில கிடக்காரே. முள்ளைக்கூடப் பச்சைக்கு ஏத்திட்டேன், அசையலயே."

"முள்ளைப் பச்சைக்கு ஏத்திட்டேன்னு பெருமையா வேற நிக்கிறியா? அது ரூமைச் சூடாக்குற ரேடியேட்டருக்குடி. மொட்டைத் தலைக்கும் முழங்காலுக்கும் முடிச்சுப் போடாத. உக்காரு, டீ போடுறேன்."

"டீ குடிக்கிற நேரமா இது!"

"டீ குடிக்காத நேரம்னு ஒண்ணு இருக்கா?" என்று கெட்டிலைக் குழாயடியில் பிடித்தாள். பிடித்தாள், பிடித்துக்கொண்டே நின்றாள். ஜன்னல் வழியாகப் பூனையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், மறுபடி கெட்டிலுக்குள் எட்டிப் பார்த்தாள்.

"கிளெனிஸ், இது பச்சைத் தண்ணிதானே?"

"கெட்டில்ல பின்னே என்ன பிடிப்பாங்க?"

"எங்க வீட்ல இந்நேரம் டீயைக் குடிச்சுட்டுக் கப்பையும் கழுவியிருப்பேன். இது இன்னும் அரைக் கெட்டில்கூட ரொம்பல. பச்சைத் தண்ணியே சொட்டுதுன்னா பாய்லர் என்னடி பண்ணும் பாவம்? வர்ற தண்ணியைத்தானே அது சுட வைக்கும்?"

எனக்குச் சுருக்கென்றது. இத்தனை நாள் ஒரு முறையாவது பச்சைத் தண்ணீரைப் பார்த்தேனா? மடச்சி. ஷவரில் குறை என்றதும் பாய்லர்தான் என்று முடிவு கட்டிவிட்டேன். அப்படிச் சொன்னதும் டெஸ்மண்ட்தான். அக்டோபர் கடைசியில் ஷவர் இளைத்துவிட்டது என்று நான் கத்தியபோது, "பாய்லருக்கு வயசாயிடுச்சு, நம்மள மாதிரி" என்றார். மூன்று வாரம் கழித்துச் சமையலறையிலேயே விழுந்தார்.

"வீட்டுக்குள்ள தண்ணி வர்ற மெயின் வால்வைப் பாத்தியா?" என்றாள் நோரீன்.

"அது டெஸ்மண்ட் சமாச்சாரம். நான் தொட்டதே இல்ல."

தொட விட்டால்தானே. அக்டோபர் கடைசியில், குளிர்காலத்துக்காக ஊரே கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் தள்ளிவைக்கிற ஞாயிற்றுக்கிழமை அவருக்குப் பண்டிகை மாதிரி. வீட்டில் இருக்கிற கடிகாரம் அத்தனையையும் திருப்பிவிட்டு, கடைசியில் சிங்க்குக்கு அடியில் நுழைந்து மெயின் வால்வை முழுக்க மூடி முழுக்கத் திறப்பார். அப்போதுதான் அது இறுகிப்போகாதாம். வசந்தத்தில் மணியை முன்னால் தள்ளும்போது மறுபடி ஒரு முறை. கல்யாணமான நாளிலிருந்து தவறியதில்லை.

முட்டி போட்டேன். பாத்திர சோப்பு, வாளி, பழைய பெயின்ட் டப்பா எல்லாவற்றையும் வெளியே தள்ளிவிட்டு உள்ளே தலையை விட்டேன். வால்வுத் தலையில் ஒரு துணி சுற்றியிருந்தது. அவிழ்த்து வெளியே எடுத்தேன். விட்பி கடற்கரைக்குப் போனபோது வாங்கிய, கலங்கரை விளக்கம் போட்ட பாத்திரம் துடைக்கிற துணி.

"அடிப்பாவி!" என்றாள் நோரீன். "நான் திருடிட்டேன்னு தெரு பூரா சொன்னியே, அந்தத் துணி இதுதானா?"

துணியைத் தோளில் போட்டுக்கொண்டேன். வால்வைப் பிடித்துத் திருப்பினேன். மல்லுக்கட்ட வேண்டியிருக்கும் என்று பல்லைக் கடித்துக்கொண்டுதான் பிடித்தேன். அது இறுகியே இருக்கவில்லை. வருஷா வருஷம் பார்த்துப் பார்த்துத் திருப்பிய வால்வு, ரெண்டு விரலுக்கே வழுக்கிக்கொண்டு திரும்பியது. ஒரு சுற்று, இன்னொரு சுற்று, இன்னும் இன்னும் திரும்பிக்கொண்டே போனது. மேலே சிங்க்கில் தண்ணீர் தடதடவென்று கொட்டியது. நோரீன் ஓவென்று கத்திக் கெட்டிலை எடுத்தாள்.

நான் சிங்க்குக்கு அடியிலேயே உட்கார்ந்திருந்தேன். அந்த ஞாயிற்றுக்கிழமை எனக்கு அப்படியே ஞாபகம் வந்தது. ரொம்ப நேரமாக இதற்குள்ளேதான் கிடந்தார். "என்னய்யா பண்ற அங்க? அடுப்புல உப்புன புட்டிங் அமுங்கிப் போகுது!" என்று கத்தினேன். வெளியே வந்தவர் வலது கையைத் தேய்த்துக்கொண்டே மேஜையில் உட்கார்ந்தார். இறைச்சியை வெட்டக் கத்தியைத் தொடவில்லை. யார்க்‌ஷயர் புட்டிங்கை இடது கையில் முள்கரண்டியால் கிழித்துக் கிழித்துத் தின்றார். சின்னப் பிள்ளை மாதிரி தின்கிறாயே என்று கேலி வேறு செய்தேன்.

மூடும்போது கை இருந்திருக்கிறது. கொஞ்சம் திறந்ததுமே போய்விட்டது. அந்த மூலைக்குள் இடது கை எட்டாது. துணியைச் சுற்றிப் பார்த்திருக்கிறார். அப்போதும் முடியவில்லை. வெளியே வந்து பாய்லர் மேல் பழியைப் போட்டுவிட்டார்.

"மூணு வாரம் நோரீன்" என்றேன். "அன்னிக்கே வாயைத் திறந்திருந்தா டாக்டர்கிட்ட இழுத்துட்டுப் போயிருப்பேனே." எனக்கு அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தது. நோரீன் கெட்டிலை வைத்துவிட்டுத் தரையிலேயே என் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள். இந்த முறை அவளுக்கும் கிண்டல் வரவில்லை.

இமோஜென் சரியாகப் பதினோரு மணிக்கு வந்தாள். ஷவரைத் திறந்து கையை நீட்டிப் பார்த்தாள். "அட, எங்க வீட்டைவிட நல்லா வருதே!" என்றாள். கம்பியை இழுத்துப் பார்த்தாள், நாற்காலியை ஆட்டிப் பார்த்தாள். எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். பிறகு சமையலறையில் டீயை உறிஞ்சிக்கொண்டே கேட்டாள்.

"ஒண்ணே ஒண்ணுதான் பாக்கி. கை மரத்துப்போச்சு, தலை சுத்துதுன்னா உடனே உங்ககிட்ட சொல்லுவாரா? இந்த நோய்ல அதுதான் முக்கியம். சொல்லாத ஆளா இருந்தா வீட்ல வெச்சுப் பாக்குறது ஆபத்து."

சொல்லுவார் என்று ஒரு வார்த்தை சொன்னால் முடிந்தது. வெள்ளிக்கிழமை அவர் வீட்டில் இருப்பார். நோரீன் மேஜைக்கடியில் என் காலை மிதித்தாள். அந்தத் துணி என் மடியில் கிடந்தது.

"சொல்ல மாட்டாரு" என்றேன்.

நோரீன் கண்ணை மூடிக்கொண்டாள். நான் துணியை மேஜையில் போட்டு எல்லாவற்றையும் கொட்டினேன். வால்வு, புட்டிங், பாய்லர், எல்லாம். இமோஜென் கப்பைக் கீழே வைத்துவிட்டாள்.

"போனைப் போடுங்க" என்றாள். "அவரே பேசட்டும்."

வார்டில் யாரோ போனை அவர் காதில் வைத்தார்கள். எல்லோருக்கும் கேட்கும்படி என் போனை ஸ்பீக்கரில் போட்டு மேஜை நடுவில் வைத்தேன்.

"மெயின் வால்வை ஏன்யா திறக்கல?"

மூச்சு மட்டும் கேட்டது.

"ஏய் கிழவா, உன்னைத்தான். விட்பி துணி கிடைச்சுருச்சு."

"கை..." என்றார். நாக்கு இன்னும் குழறுகிறது. ஒவ்வொரு வார்த்தையாக வந்தது. "கை வரல, கிளெனிஸ். பயமா... இருந்துச்சு. சொன்னா... நிஜமாயிடும்னு."

"இனிமே சொல்லுவியா?"

"சொல்றேன்."

"இப்ப சொல்லு. இப்ப எப்படி இருக்கு?"

இமோஜென் என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கால் குளிருது" என்றார் டெஸ்மண்ட். "இடுப்பு வலிக்குது. ராத்திரி அழுதேன். கஞ்சி... நல்லாவே இல்ல."

இமோஜென் சிரித்துவிட்டாள், கண்ணையும் துடைத்துக்கொண்டாள். "வெள்ளிக்கிழமை அனுப்பி வைக்கிறேன்" என்றாள்.

"தண்ணி... வருதா?" என்று அவர் போனில் கேட்டார்.

"வருதுய்யா" என்றேன். "நீ வா."