ஒரு முழத் தண்ணீர்

செத்துப்போன அப்பாவுக்குப் போடவேண்டிய ஷூவில் ஒன்று, படகுக்கும் துறைக்கும் நடுவே தண்ணீரில் விழுந்தது. பை வேண்டாம் என்று சொன்னவனும் மகன்தான். போனை எடுக்க ஷூவை அக்குளில் இடுக்கியவனும் அவன்தான். ஆபீசுக்குப் போகிற கூட்டம் எட்டிப் பார்த்தது. செத்தவருக்குக்கூட இத்தனை கூட்டம் சேராது.

படகின் கயிற்றுக்காரர், எல்லோரும் மொட்டை என்று கூப்பிடுபவர், கொக்கிக் கழியோடு குனிந்தார். அப்பாவிடம் தொழில் கற்றவர். தொழிலாம். படகு கரையைத் தொட்டால் கயிற்றைத் தூணில் மாட்டுவது, கிளம்பினால் அவிழ்ப்பது. மாட்டைக் கட்டி அவிழ்ப்பவனாவது பால் கறப்பான் என்பது மகனின் கருத்து. அவன் கழுத்தில் இருந்ததோ ரெடிமேட் டை; முடிச்சுப் போட வராது.

இதில் ராஜா தோரணை வேறு. கயிறு அவிழ்ந்தபின் யாரையும் ஏற்றக்கூடாது என்பது அப்பாவின் சட்டம். மகன் முதல் இன்டர்வியூவுக்கு ஓடிவந்த அன்றும், ஒரு முழத் தண்ணீருக்கு அப்பால் நின்று, அடுத்த படகில் வா என்று கையைக் காட்டிவிட்டுப் போன மகான்.

நேற்று மாலையும் அதே ஒரு முழம். அக்கரை ஆஸ்பத்திரியில் அப்பாவுக்கு மூச்சு இழுக்கிறது என்று ஓடிவந்தவனைப் பார்த்துத் தலையாட்டிவிட்டு மொட்டை போய்விட்டார். அடுத்த படகில் அவன் போய்ச் சேர்ந்தபோது முகத்தை மூடியிருந்தார்கள்.

முன்னாடி வந்திருந்தாலும் பார்த்திருக்க முடியாது என்றாள் அம்மா. நினைவே இல்லை என்றாள் அக்கா. அத்தான் விதியைப் பற்றி ஆரம்பித்தார். அவர் ஆரம்பித்தால் பிணமே எழுந்து போய்விடும். மூவருமே அவன் முகத்தைப் பார்க்காமல்தான் சொன்னார்கள்.

ஷூ மேலே வந்தது. மொட்டை அதைக் கவிழ்த்துத் தண்ணீரைக் கொட்டினார்.

"நேத்து ஏத்தியிருந்தா பாத்திருப்பேனா, சித்தப்பா?" சித்தப்பா எங்கிருந்து வந்தது என்று அவனுக்கே தெரியவில்லை.

"பாத்திருப்ப. டூட்டி முடிஞ்சு அதே போட்லேருந்து எறங்கித்தான் நான் போனேன். கண்ணு தொறந்துதான் இருந்துச்சு. அவன் எங்கடான்னு கேட்டாரு."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"கயிற அவுத்துட்டேண்ணேன்னு சொன்னேன். சரின்னுட்டாரு."

கூட்டம் அவனை இடித்துக்கொண்டு ஏறியது. யாரோ நேரமாச்சு என்றார்கள். ஈர ஷூவை நெஞ்சோடு பிடித்தபடி அவன் துறையிலேயே நின்றான். மொட்டை தூணில் கிடந்த கயிற்றின் மேல் கையை வைத்துக்கொண்டு, அவிழ்க்காமல், அவனைப் பார்த்தபடி இருந்தார்.