ஏர் பூட்டிய நாள்

காளியாயி அடுப்பை ஊதிக்கொண்டிருந்தாள். புருஷன் செத்து அரை நாழிகைகூட ஆகவில்லை. சாவு விழுந்த வீட்டில் அடுப்பு எரியக் கூடாது என்று அவளுக்குத் தெரியாதா? ஆனால் கூரைமேல் புகை வராவிட்டால் தெருவே எட்டிப் பார்க்கும்.

அம்மாசி பாயில் கிடந்தான். பத்து நாளாக மார்ச்சளியும் காய்ச்சலும். விடிந்ததும் தண்ணீர் கேட்டான், இரண்டு மடக்குக் குடித்தான், ஏர் பூட்டியாயிற்றா என்று கேட்டான். அவள் பதில் சொல்லத் திரும்புவதற்குள் முடிந்துவிட்டது. ஊரையே கிடுகிடுக்க வைத்த மனுஷன் ஒரு முனகல்கூட இல்லாமல் போய்விட்டான்.

அன்றைக்குத்தான் தாசில்தார் வருகிறார். கொள்ளிடத்து வடகரையில், சீரங்கத்துக் கோபுரங்களைப் பார்த்தபடி கிடந்தது அந்தப் பன்னிரண்டு ஏக்கர் படுகை. பாட்டன் பூட்டன் காலத்தில் எங்கள் தெரு ஆண்ட மண் என்பான் அம்மாசி. மிராசுதார் வீட்டுக் காகிதம் வேறு சொன்னது. மனுமேல் மனுப் போட்டு, கடைசியில் சர்க்கார் அதைச் சேரியின் ஒன்பது வீட்டுக்கும் எழுதிக் கொடுத்தது. கொடுக்கும்போதே ஒரு கொக்கியும் வைத்தது: மூன்று வருஷத்துக்குள் சாகுபடி நடக்காவிட்டால் பிடுங்கிக்கொள்ளும்.

மறு ஆடியிலேயே இருபத்துநாலாம் வருஷத்துப் பெருவெள்ளம் வந்து இடுப்பளவு மணலைக் கொட்டிவிட்டுப் போயிற்று. ஆணும் பெண்ணுமாக இரண்டு கோடை கூடை கூடையாக வாரினார்கள். அதற்குள் ஊர்க் கணக்கப்பிள்ளை 'தரிசு' என்று எழுதிவிட்டார். ஏழை சொல் அம்பலம் ஏறுமா? அம்மாசி ஏற்றினான். திருச்சிராப்பள்ளிக்கு நடையாய் நடந்து, சர்க்கார் கச்சேரி வாசலில் நாயாய்க் காத்துக் கிடந்து, அதிகாரி நேரில் வந்து பார்க்கும்படி உத்தரவு வாங்கினான். கெடு நாளையோடு முடிகிறது. இன்றைக்கு ஏர் ஓடுவதை அவர் கண்ணால் பார்த்தால் நிலம் நிற்கும்.

ஒரு குரல் அழுதால் போதும், அத்தனை பேரும் ஏரை அவிழ்த்துவிட்டு ஓடி வருவார்கள். பிணம் கிடக்கிற தெருவில் யாரும் மாட்டைப் பூட்ட மாட்டார்கள். பிணம் கிடக்கப் பூட்டியது பிறகு தெரிந்தாலும், அந்த விதைப்புப் பட்டம் முழுக்க அந்த மண்ணில் விதை விழாது. கட்டுப்பாடு அப்படி.

அவளை அறுத்தது அதுகூட இல்லை. தெருக்காரியத்தை ஒருத்தர் தனியாக முடிவு பண்ணக் கூடாது என்று சட்டம் வைத்தவனே அம்மாசிதான். மிராசுதாரிடம் இனிமேல் நியாயம் கேட்டுப் போக வேண்டாம், நம் வழக்கை நாமே பேசிக்கொள்வோம் என்று கூட்டம் போட்டவன் அவன். பெண்களையும் அதில் உட்கார வைத்தான். ஒரு வாய்க்கால் வெட்டுவதென்றாலும் ஒன்பது வீட்டையும் கேட்பான். கேட்டுக் கேட்டே நரைத்துப் போவான் என்று அவள் கேலி பண்ணியதுண்டு. இன்றைக்கு அவள் யாரையும் கேட்கவில்லை. போர்வையைக் காதுவரை இழுத்துவிட்டு, முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்தாள்.

கொழுந்தன் ரத்தினவேல் கலப்பையைத் தோளில் வைத்துக்கொண்டு வாசலில் வந்து நின்றான்.

"அண்ணன் எப்படி இருக்காரு அண்ணி?"

"தூங்குறாரு. நீ போயி ஏரப் பூட்டு."

"ஒரு எட்டுப் பார்த்துட்டுப் போறேனே."

"எழுப்பிவிட்டா நானும் வரேன்னு கெளம்பிருவாரு. அப்புறம் யாரு புடிக்கிறது?"

அவன் சிரித்துக்கொண்டே போய்விட்டான். பொய் இத்தனை சுலபமாக வரும் என்று அவள் நினைக்கவில்லை. பின்னாலேயே அழுகை வரும் என்று பயந்தாள். அதுவும் வரவில்லை. நாள் முழுக்கக் குனிந்து நட்ட இடுப்பு மாதிரி மனசு மரத்துக் கிடந்தது.

உச்சிக்குக் கஞ்சி போகாவிட்டால் ரத்தினவேல் திரும்பி வந்துவிடுவான். கேழ்வரகுக் கஞ்சியைக் கரைத்தாள், உப்புப் போட்டாள், வெங்காயம் உரித்தாள். இழவு வீட்டுச் சோறு. பாவமென்றால் தன் தலையோடு போகட்டும் என்று பானையைத் தூக்கிக்கொண்டு, படலை இழுத்துக் கட்டிவிட்டு நடந்தாள்.

படுகையில் ஐந்து ஏர் ஓடிக்கொண்டிருந்தது. தாசில்தார் வரப்பில் குடை பிடித்து நின்றார். இது இன்றைக்கு ஒரு நாள் கூத்து என்று கணக்கப்பிள்ளை அவர் காதருகே சொல்லிக்கொண்டிருந்தார். தாசில்தார் காதில் வாங்கினாரோ இல்லையோ, இறங்கிப் போய்க் கைத்தடியால் மண்ணைக் கிளறிப் பார்த்தார். வரப்போரத்தில் மலைபோல் குவிந்திருந்த மணலையும் பார்த்தார். பிறகு, மனுக்காரன் அம்மாசி எங்கே என்றார். எல்லாரும் காளியாயியைப் பார்த்தார்கள்.

"காய்ச்சலுங்க. படுத்திருக்காரு."

"எந்திரிச்சதும் கச்சேரிக்கு வரச் சொல்லு. அவன் கைநாட்டு வேணும்."

"சொல்றேனுங்க."

அவர் நோட்டுப் புத்தகத்தில் எழுதினார். கணக்கப்பிள்ளையின் முகம் போன போக்கைப் பார்த்தே என்ன எழுதினார் என்று எல்லாருக்கும் விளங்கிவிட்டது. அவள் கஞ்சி ஊற்ற ஊற்ற ஏர்க்காரர்கள் குடித்தார்கள். ரத்தினவேல் மறுபடியும் கேட்டு வாங்கிக் குடித்தான்.

தாசில்தாரின் ஜட்கா சாலை திரும்பும்வரை காத்திருந்து, மாட்டை அவிழ்த்துக்கொண்டு, அம்மாசியிடம் சேதி சொல்லத் தெருவே கூச்சலும் சிரிப்புமாக வந்தது. அவள் முன்னாலேயே வந்து வாசலில் நின்றிருந்தாள்.

"போயிட்டாரு," என்றாள்.

கூச்சல் அடங்கியது. அம்மாசியின் அக்கா கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தாள். "எப்ப?"

"இப்பத்தான்."

நாத்தனார் உள்ளே போனாள். ரத்தினவேலும் இன்னும் மூன்று பேரும் பின்னால் போனார்கள். அந்தத் தெருவில் யார் செத்தாலும் குளிப்பாட்டிக் கட்டுகிறவள் அந்த நாத்தனார்தான். தம்பியின் கைகளை எடுத்து நெஞ்சின்மேல் சேர்க்கப் பார்த்தாள். விறைத்த முழங்கை மடங்கவில்லை. இன்னொரு தரம் அழுத்தினாள். மடங்கவில்லை.

ரத்தினவேல் அண்ணன் காலைப் பிடித்துத் தூக்கினான். காலோடு இடுப்பும் பலகைபோல் எழும்பியது. அப்படியே நின்றான். அவன் உதட்டோரத்தில் கஞ்சி காய்ந்து ஒட்டியிருந்தது. புறங்கையால் அதைத் துடைத்துக்கொண்டான். மற்ற மூன்று பேரும் ஆளுக்கொரு பக்கம் தொட்டுப் பார்த்தார்கள். எல்லாவற்றையும் சொல்லிவிடலாம் என்று காளியாயி வாயெடுத்தாள்.

"மேலு இன்னும் சுடுது," என்றாள் நாத்தனார், வாசலுக்குக் கேட்கும்படி. "இப்பத்தான் போயிருக்கு. வெந்நி கொண்டாங்க."

தொட்டுப் பார்த்த மூன்று பேரும் ஆமாமென்று தலையாட்டினார்கள். யாரோ ஒருத்தி வெந்நீருக்கு ஓடினாள். அது வந்ததும் நாத்தனார் துணியை நனைத்து, வலது முழங்கையில் போட்டு, தேய்க்க ஆரம்பித்தாள். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்த ரத்தினவேல் உட்கார்ந்து இடது கையை எடுத்துக்கொண்டான்.