இரண்டு பேர் ஆட்டம்

நான் பல் செய்கிறவன். பல் டாக்டர் இல்லை. டாக்டர் அச்சு எடுத்து அனுப்புவார். நான் பின்னறையில் உட்கார்ந்து மேல்தாடையும் கீழ்த்தாடையும் பொருந்துகிறதா என்று பார்த்து, தேய்த்து, பளபளப்பாக்கி அனுப்பிவிடுவேன். அது யார் வாய்க்குப் போகிறது, அந்த ஆள் அதை மாட்டிக்கொண்டு சிரித்தாரா என்பதெல்லாம் எனக்குத் தெரியாது. அங்கே பேச்சுத் துணைக்கு மோட்டார் சத்தமாவது உண்டு. வீட்டில் அதுவும் கிடையாது.

நானும் மனைவியும் பிரிந்தபோது மகள் அவளோடு போனாள். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மட்டும் என்னிடம் வருவாள். சின்ன வயதில் அவள் அடித்த கூத்துக்கு வாலு என்று பெயர் வைத்தேன். இப்போது எட்டாவது படிக்கிறாள். சோபா மூலையில் கால்களை மடக்கிக்கொண்டு போனைப் பார்த்தபடி இருப்பாள். “ஸ்கூல் எப்படிம்மா போகுது?” என்றால் “ம்”. “ஏதாவது சாப்பிடறியா?” என்றால் “ம்ஹும்”. இந்த இரண்டை வைத்தே ஒரு முழு மத்தியானத்தை ஓட்டிவிடும் சாமர்த்தியம் அவளுக்கு உண்டு.

ஒருநாள் அவள் அம்மா போன் செய்தாள். எங்களுக்குள் இப்போது சண்டை எல்லாம் இல்லை. சண்டை போடுகிற அளவுக்கு நெருக்கம் இல்லை.

“தப்பா எடுத்துக்காதீங்க. அவளுக்கு அங்க போரடிக்குது. வாராவாரம் வேணாமே, எப்பவாவது வரட்டுமே?”

“அவ சொன்னாளா?”

“சொல்ல மாட்டா. உங்க மனசு கஷ்டப்படும்னு வாயையே திறக்க மாட்டா. கிளம்பும்போது அவ மூஞ்சியப் பார்த்தா எனக்குத் தெரியுது.”

எனக்குச் சுருக்கென்றது. “கொஞ்ச நாள் பொறு” என்று மட்டும் சொன்னேன்.

மகள் என்னிடம் கடைசியாக நாலு வாக்கியம் சேர்ந்தாற்போலப் பேசியது பள்ளியில் கம்ப்யூட்டர் புரோகிராம் எழுதக் கற்றுக்கொடுக்கிறார்கள் என்று சொன்னபோதுதான். அந்த நூலைப் பிடித்துக்கொண்டேன். பெரியவர்களுக்கான சாயங்கால வகுப்பு ஒன்றில் சேர்ந்தேன். முதலில் எழுதச் சொன்னது ஒரு கட்ட விளையாட்டு. சதுரமான பலகை. ஒருவருக்குச் சிவப்பு, ஒருவருக்கு நீலம். மாற்றி மாற்றிக் கட்டத்தை நிரப்ப வேண்டும். யாருடைய நிறம் நான்கு கட்டம் ஒரே கோட்டில் வருகிறதோ அவர் ஜெயித்தார். மகளும் நானும் எதிரும் புதிருமாக உட்கார்ந்து ஆடுவதாக நினைத்துக்கொண்டேன். அதற்காகவே தலைகீழாக நின்றேன்.

பலகை வரைவது சுலபம். கோடு சேர்ந்துவிட்டதா என்று கம்ப்யூட்டருக்குக் கண்டுபிடிக்கச் சொல்லித்தருவதில்தான் மண்டை காய்ந்தது. நமக்குப் பார்த்ததும் தெரிகிறது. அதற்குக் கண் இல்லையே! இந்தக் கட்டமும் பக்கத்துக் கட்டமும் ஒன்றா, அதற்கடுத்ததும் ஒன்றா என்று ஒவ்வொன்றாகக் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போக வேண்டும். எப்படியோ எழுதி முடித்து ஓடவிட்டேன். யாரும் ஒரு காய்கூட வைக்கவில்லை, அதற்குள் “வெற்றி!” என்று கொட்டை எழுத்தில் வந்து நின்றது. யாருக்கு வெற்றி என்ற இடம் காலி.

திருதிருவென்று விழித்தேன். டீச்சர் எட்டிப் பார்த்துச் சிரித்துவிட்டாள்.

“நாலும் ஒண்ணா இருக்கான்னுதானே சார் கேட்டிருக்கீங்க? நாலும் காலியா இருக்கு. காலியும் காலியும் ஒண்ணுதானே? முதல்ல அங்க ஆள் இருக்கான்னு கேளுங்க.”

அவள் வேடிக்கையாகத்தான் சொன்னாள். எனக்கு என் வீட்டைப் பார்த்துவிட்டு வந்து சொன்ன மாதிரி இருந்தது. சிரிக்க முடியவில்லை.

அதைத் திருத்தினேன். குறுக்கு வரிசை, நெடுக்கு வரிசை, சாய்ந்த கோடு என்று எழுதிச் சேர்த்தேன். பிறகு வீட்டில் உட்கார்ந்து சோதித்தேன். சிவப்பும் நானே, நீலமும் நானே. சிவப்புக்கு ஆடும்போது நிமிர்ந்து உட்கார்ந்துகொள்வேன். நீலத்துக்குக் கொஞ்சம் விட்டுக்கொடுப்பேன், மகள் நீலம்தான் எடுப்பாள் என்று. நீலம் ஜெயிக்கும்போதெல்லாம் எனக்கு உச்சி குளிர்ந்தது. எங்கும் ஒரு பிசகு இல்லை.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை எனக்கு. “இங்க வாயேன், ஒண்ணு காட்டறேன்” என்றேன். திரையைப் பார்த்ததும் போனைக் கீழே வைத்தாள்.

“நீங்களாப்பா எழுதினீங்க?”

“பின்னே? பக்கத்து வீட்டுக்காரரா?”

சிரித்தாள். நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு நீலத்தை எடுத்தாள். நகத்தைக் கடித்துக்கொண்டு யோசித்து யோசித்து ஆடினாள். நான் ஒன்று, அவள் ஒன்று என்று சில சுற்று போனது. நான் மறுபடி ஒன்று வைத்தேன். அவள் வைக்கவில்லை.

“அப்பா, நான் ஜெயிச்சாச்சு.”

“எங்க? அது ஒண்ணும் சொல்லலையே?”

விரலால் காட்டினாள். வலது மேல் மூலையிலிருந்து இடது பக்கம் இறங்கி நான்கு நீலம். சாய்ந்த கோட்டுக்கு இரண்டு திசை உண்டு. நான் ஒன்றைத்தான் எழுதியிருந்தேன். அத்தனை ஆட்டம் சோதித்தும் பிடிபடவில்லை. இரண்டு பக்கமும் நானே ஆடியதால், நான் நினைக்காத பக்கம் காய் வைக்க ஆளே இல்லை.

“நீங்க இதத் தனியா ஆடித்தான் பார்த்தீங்களா?” என்று கேட்டாள்.

“ஆமா. வேற யாரு இருக்கா?”

வாய் தவறி வந்துவிட்டது. நாக்கைக் கடித்துக்கொண்டேன். அவள் என்னையே கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு “நகருங்க, நான் சரி பண்றேன்” என்று என் நாற்காலியில் உட்கார்ந்தாள்.

மறுபக்கக் கோட்டைச் சட்டென்று எழுதிவிட்டாள். ஆனால் எழுந்திருக்கவில்லை. எழுதிக்கொண்டே இருந்தாள். டீ போட்டுக் கொடுத்தேன், ஆறிப்போனது. கீழே அவள் அம்மாவின் கார் ஹாரன் அடித்தது. “ஒரே நிமிஷம்” என்று ஜன்னல் வழியாகக் கத்தினாள். எனக்குப் பெருமை தாங்கவில்லை. என் வீட்டிலிருந்து கிளம்ப அவள் ஒரு நிமிஷம் கேட்டது அதுதான் முதல் தடவை.

“முடிஞ்சுதுப்பா. இப்ப நீங்க சிவப்பு வைங்க.”

வைத்தேன். கையை எடுப்பதற்குள் நீலம் தானாக வந்து உட்கார்ந்தது.

“கம்ப்யூட்டரே உங்களோட ஆடும். நீங்களே ரெண்டு பக்கமும் ஆட வேணாம். நான் இல்லாட்டியும் உங்களுக்குப் போரடிக்காது” என்றாள். அவள் கண் என் முகத்திலேயே இருந்தது. பரீட்சை எழுதிவிட்டு மார்க்குக்குக் காத்திருக்கிற கண்.

என் மனசு விட்டுப்போனது. என்னால் முடிந்தவரை குரலைச் சாதாரணமாக வைத்துக்கொண்டேன்.

“பிரமாதம்மா. சொல்ல மறந்துட்டேன், இனிமே ஞாயித்துக்கிழமைலயும் எனக்கு நிறைய வேலை இருக்கும் போலிருக்கு. உனக்கு எப்பத் தோணுதோ அப்ப வா, போதும்.”

“நெஜமாவாப்பா? உங்களுக்கு ஒண்ணும் இல்லையே?”

“எனக்கென்ன? அதான் ஆடறதுக்கு ஆள் குடுத்துட்டியே.”

வாலுவின் முகம் அப்படி மலர்ந்தது. ஓடிவந்து இரண்டு கையாலும் என் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். அவள் என்னைக் கட்டிக்கொண்டு எத்தனையோ நாளாகிவிட்டது.