மாசிலாமணியின் பாதங்கள்

என் கணவர் மாசிலாமணி இறந்து ஒன்பது வருடம் ஆகிறது. கிளை நூலகத்தில் யாராவது அவருடைய புத்தகத்தை எடுத்தால் பதினைந்து நாள் வீட்டுக்கு வருவார். மெய்ப்பொருள் பற்றிய புத்தகம். அதனால் அடிக்கடி வரமாட்டார்.

எடுத்தவர் படித்த அளவுக்குத்தான் உடம்பு வரும். மூன்று வருடம் முன்பு ஒரு பேராசிரியர் எடுத்தார். இடுப்போடு நின்றுவிட்டது. பதினைந்து நாளும் தலையணை மேல் உட்கார வைத்திருந்தேன்.

போன மாதம் நூலகர் எபனேசரிடமிருந்து கடிதம் வந்தது. மூன்று வருடமாக யாரும் தொடாத புத்தகங்களைக் கழிக்கப் போகிறார்களாம்.

உடனே போனேன். அதிகம் படிக்கப்படாத எழுத்தாளருக்கு நூலகத்தின் தாழ்வாரம் நீளும். காலைப் பலகாரம் முடித்துக் கிளம்பியவள் அவர் அலமாரியை அடைய உச்சி வெயிலாகிவிட்டது.

“வீட்டாளுங்க எடுக்கக் கூடாதும்மா,” என்றார் எபனேசர்.

“நான் அதப் படிச்சதே இல்ல சார்.”

“ஒரு வரிகூடவா?”

“ஒரு வரிகூட.”

“அப்ப நீங்க வெளியாள்தான். எடுத்துக்கிடுங்க. ஆனா படிச்சு முடிச்சிட்டா வீட்டாள் ஆயிருவீங்க. பொறவு கிடையாது.”

முத்திரை குத்தினார்.

வீட்டுப் பிரதியைக் கரையான் தின்னும்வரை அதன்மேல் டம்ளர்தான் வைத்தேன். திறந்ததில்லை. உள்ளே நான் இருப்பேனோ என்று பயம். இருக்கமாட்டேனோ என்று அதைவிடப் பயம்.

முதல் பக்கத்தில் நரைமுடி வந்தது. ஏழாம் பக்கத்தில் மூக்குக்கண்ணாடி. வாய் வந்ததும் காபி கேட்டார்.

பதினாலாம் நாள் கணுக்கால் வந்தது. பாக்கி ஒரே பக்கம். புத்தகத்தை மூடினேன்.

“ஏன் நிறுத்திட்ட, தங்கபுஷ்பம்?”

“முடிச்சா திரும்ப எடுக்க முடியாது. நீங்க வரமாட்டியளே.”

“பாதம் இல்லாம உன்கூட எப்படி நடக்க?”

எனக்கு அழுகை வந்துவிட்டது. உயிரோடு இருந்தவரை எப்போதும் பத்தடி முன்னால் போனவர் அவர்.

படித்தேன். ‘மெய்ப்பொருள் எதுவென்று எனக்குத் தெரியவில்லை. தங்கபுஷ்பம் ஊருக்குப் போனால் வீட்டில் இருக்கப் பயமாயிருக்கிறது. அவள் படிக்கமாட்டாள் என்ற தைரியத்தில் எழுதுகிறேன்.’

பாதங்கள் வந்தன. அவர் வெட்கப்பட்டு, செருப்பைத் தேடுபவர்போல் குனிந்துகொண்டார்.

மறுநாள் தவணை. புத்தகத்தைத் திருப்பிக் கொடுக்க இருவருமாகப் போனோம். தாழ்வாரம் நீண்டுகொண்டே போனது. அவர் என் பக்கத்திலேயே நடந்தார்.

கடைக்கோடியில் எபனேசர் எறும்பளவு தெரிந்தார். “வெரசா வாங்கம்மா!” என்று கத்தினார்.

“வந்துகிட்டே இருக்கோம்!”

அவர் பக்கம் திரும்பினேன். “நல்லவேளை, உங்கள ஒருத்தரும் படிக்கல,” என்றேன்.

அவர் இன்னும் கொஞ்சம் மெதுவாக நடந்தார்.