கைதுக்குச் சொன்ன பிறப்பு

சொல்லாய்வாளர் வானொலியில் தவறான பிறப்புச் சொன்ன மாலையிலிருந்து அந்த ஊரில் யாராலும் ‘ஜன்னல்’ என்று சொல்ல முடியவில்லை. காய்ச்சலோடு பேசியவர், கடல் கடந்து வந்த சொல்லுக்கு உள்ளூர் வேர் காட்டிவிட்டார், அவ்வளவுதான். தச்சர்கள் காற்றில் சதுரம் வரைந்து விலை பேசினார்கள், வீடுகளில் “அந்தக் காத்து ஓட்டையைச் சாத்து” என்று கத்தினார்கள், மூன்று மாதத்தில் பழகிவிட்டது. அதன் பிறகு அவர் நாலு அகராதி பார்க்காமல் வாய் திறந்ததில்லை. அன்றைய செய்தியிலிருந்து ஒரு சொல், அதன் பிறப்பு, பழைய இலக்கியத்தில் ஒரு வரி, கடைசியில் தன் கருத்து: பதினொரு வருடமாக அதே பத்து நிமிடம்.

துண்டறிக்கை அச்சடித்ததற்காக, அச்சகத்தில் எழுத்துக் கோக்கும் அவருடைய மைத்துனனையும் இன்னும் நாற்பத்திரண்டு பேரையும் போலீஸ் பிடித்துக்கொண்டுபோன வாரம், செய்தித் துறை அதிகாரி நிலையத்துக்கு வந்தார். தலைநகரிலிருந்து மாற்றலாகி அவருக்குப் பத்து நாள்தான் ஆகியிருந்தது. ‘கைது’ என்பது ‘கை’யிலிருந்து வந்தது, தாய் பிள்ளையின் கையைப் பிடிப்பது போல என்று பேச வேண்டுமாம்.

“அது வெளியிலேருந்து வந்த சொல்லுங்க. நம்ம பழைய பாட்டு எதுலயும் கிடையாது.”

“நீங்களே ஒரு வரி கட்டிவிடுங்க சார். யாரு எடுத்துப் பாக்கப் போறா? இல்லன்னா வெள்ளிக்கிழமை எல்லாரையும் தீவுச் சிறைக்குக் கப்பல் ஏத்திடுவோம்.”

வீட்டில் மனைவி கேட்டாள்: “என் தம்பி உசுரைவிட உங்க வேர் பெரிசா?”

“பொய் சொன்னா அந்த வார்த்தையே போயிடும்டி.”

“போகட்டுமே. போனா யாருக்கு நஷ்டம்?”

அவர் எழுந்துபோய் அகராதிகளை மூடி வைத்துவிட்டு, வெள்ளைத் தாள் ஒன்றை எடுத்தார்.

வியாழன் மாலை ஏழு மணிக்கு அதிகாரி கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் நின்றார், வாசலில் இரண்டு துப்பாக்கிகள். சொல்லாய்வாளர் காகிதத்தை ஒலிவாங்கிக்கு முன்னால் விரித்தார். பொய்ப் பிறப்பு, பொய் வரி, பொய்க் கருத்து, ஒன்றையும் விடாமல் வாசித்தார். சிவப்பு விளக்கு அணைந்தது. “பிரமாதம் சார்! இனிமே ஒருத்தனும் இந்த... இந்த...” என்ற அதிகாரியின் வாய் அப்படியே திறந்து நின்றது.

விடிந்ததும் சிறைப் பதிவேட்டில் நாற்பத்து மூன்று பெயர்களுக்கு எதிரே வெற்றிடம் இருந்தது. கப்பலுக்கான உத்தரவிலும் நடுவில் வெள்ளையாக ஓர் இடம்.

“ஐயா, இவங்களை எதுக்கு உள்ள வச்சிருக்கோம்?” என்றான் காவலன்.

கண்காணிப்பாளர் முன்னும் பின்னும் புரட்டினார். “தெரியலையேப்பா. சாப்பாடாவது போட்டியா?”

சாப்பிட்டுவிட்டு அவர்கள் கிளம்பினார்கள். “மாமா, கேட்டோம் உள்ள. பொய்யை அப்படியே பாயசமாட்டம் ஊத்துனீங்க,” என்றான் மைத்துனன்.

மறுவருடம் அகராதியின் புதிய பதிப்புக்கு அவன்தான் எழுத்துக் கோத்தான். அந்தச் சொல் வரவேண்டிய இடத்தில் ஒரு வரி அளவுக்கு எழுத்தில்லாத வெறும் ஈயக்கட்டைகளை வைத்து இறுக்கினான். பிழை திருத்துபவர் அதைப் பார்த்து, சரி என்று குறியிட்டு அனுப்பினார்.