மெர்கோங் சந்தையில் கொம்பன் சுறா

பிள்ளை பெற்ற வீட்டுக்குச் சுறா வேண்டுமென்றால் கெடா மாநிலத்து மெர்கோங் காலைச் சந்தையில் ஜோசபினைத்தான் கேட்பார்கள். மற்றவர்களிடம் சுறா இல்லாமல் இல்லை. ஆனால் பச்சை உடம்புக்காரிக்கு எது ஆகும், எது வாயு என்று பார்த்து, இளங்குட்டியாகப் பொறுக்கி, மண் போகக் கழுவிக் கொடுக்கிறவள் அவள் ஒருத்திதான். ஜோசபின் கொடுத்த பால் சுறாவைத் தின்று பால் சுரக்காத தாய் கெடாவிலேயே கிடையாது என்று பக்கத்துக் கடை செல்லாயி அடித்துச் சொல்லுவாள். செல்லாயி கீரை விற்பவள். கேட்காமலே சாட்சி சொல்கிற பிறவி.

ஜோசபினிடம் ஒரு வழக்கம் உண்டு. சுறாவின் தலையை, மீன் எடுக்கும் யான் ஊர்ப் படகுத்துறையிலேயே வெட்டித் தண்ணீரில் எறிந்துவிட்டுத்தான் மீனை ஐஸ் பெட்டியில் அடுக்குவாள். அந்தப் பல்லும் முழியும் பச்சைக் குழந்தை இருக்கிற வீட்டு வாசலை மிதிக்கக் கூடாது என்று அவள் அம்மா சொல்லி வைத்தது. மாதா கோயில் சாமியாருக்குத் தெரிந்தால் மூடநம்பிக்கை என்பார். சாமியாரா பிள்ளை பெறுகிறார் என்று கேட்டுவிட்டு அவள் பாட்டுக்கு வெட்டுவாள்.

புருஷன் ரஃபேல் லாரி கவிழ்ந்து இடுப்பு போய் வீட்டோடு கிடக்கிறான். அந்த வீட்டில் அடுப்பு எரிவது இந்த மீன் கடையால்தான். கடைக்கு ஒரு லேசன் உண்டு, விற்பதற்கான உரிமம். அந்த லேசன் போனால் சோறு போச்சு. இதை ஜோசபினுக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை.

இப்படியிருக்க, போன மாதம் பராசக்தி அம்மாள் வந்து நின்றார். யாழ்ப்பாணக் குடும்பம். மெர்கோங்கில் மூலை வீடு, வாசலில் கறிவேப்பிலை, பேச்சில் கொஞ்சம் அதிகாரம். மருமகள் ஷாமினிக்குத் தலைப்பிள்ளை பிறந்து ஒரு வாரம் ஆகியிருந்தது.

"ஜோசபின், பிள்ளை அழுதழுது தொண்டை கட்டிப்போச்சு. தாய்க்குப் பால் இல்லை. டாக்டர் பால்மா குடுக்கச் சொல்லுறார். நான் உயிரோடை இருக்கேக்க அது நடக்குமோ? சுறா வறை செய்யவேணும். நல்ல குட்டியா பார்த்துத் தா."

"சுறா புட்டுத்தானே அம்மா? கொண்டாந்துடறேன்லா."

"புட்டு எண்டால் மாவிலை அவிக்கிறது. இது வறை."

"எந்தப் பேர்ல தின்னாலும் பால் வந்தா சரிதான்" என்று சிரித்து அனுப்பினாள் ஜோசபின்.

சிரித்துவிட்டாளே தவிர, அந்த வாரம் யானில் சுறாவே விழவில்லை. மழையும் காற்றுமாக இருந்து பாதிப் படகுகள் கரையைவிட்டு நகரவில்லை. இரண்டு நாள் வெறுங்கையோடு வந்தாள். பராசக்தி அம்மாள் தினமும் கடைக்கு வந்து பெட்டியை எட்டிப் பார்த்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் திரும்பிப் போனார். ஏசியிருந்தால்கூட ஜோசபினுக்குத் தாங்கியிருக்கும். அந்த மௌனம்தான் உறுத்தியது.

மூன்றாம் நாள் மலாய்ப் படகுக்காரர் பாக் டின் அவளைப் படகின் பின்பக்கம் கூப்பிட்டார். பல வருஷமாக அவளுக்கு மீன் கொடுக்கிறவர். சாக்கைத் தூக்கிக் காட்டினார். உள்ளே இரண்டு குட்டிகள். தலை இரண்டு பக்கமும் இறக்கை விரித்த மாதிரி நீண்டு, அதன் நுனியில் கண். கொம்பன் சுறா.

"வலையில செத்துத்தான் வந்துச்சு கக்" என்று மலாயில் அக்கா முறை வைத்துக் குரலைத் தாழ்த்தினார். "திரும்பக் கடல்ல போட்டுடலாம்னு பார்த்தேன். உனக்கு வேணும்னா எடுத்துக்கோ. நான் குடுத்ததா மட்டும் சொல்லாதே."

படகுத்துறையில் மீன்வளத் துறை வைத்த பலகை இருந்தது. அதில் இதே தலை, இதே இறக்கை, மேலே சிவப்புக் கோடு. பிடிக்கக் கூடாது, வைத்திருக்கக் கூடாது, விற்கக் கூடாது, வாங்கவும் கூடாது. செத்தது வலையில் வந்தாலும் கடலுக்கே போக வேண்டும். ஜோசபின் அந்தப் பலகையைத் தினமும் தாண்டித்தான் போய் வந்தாள். மலாய் அவளுக்கு நன்றாகவே வாசிக்க வரும்.

மனசு என்ன சும்மாவா இருக்கும்? நூறு நியாயம் சொல்லிற்று. செத்த மீனைத் தண்ணீரில் எறிந்தால் உயிர் வந்துவிடுமா? அங்கே ஒரு சிசு பாலுக்கு அழுகிறது. பத்துக் கட்டளையில் கொம்பன் சுறாவைப் பற்றி ஒரு வார்த்தை உண்டா? அதோடு, பாலுக்குக் கொம்பனை மிஞ்சிய சுறா இல்லை என்பது தெரிந்த விஷயம். கத்தியை எடுத்தாள், இரண்டு தலையையும் வெட்டித் தண்ணீரில் தள்ளினாள். தலை போன பிறகு சுறா சுறாதானே. யார் கண்டுபிடிக்கப் போகிறார்கள்?

அத்தோடு வாயை மூடிக்கொண்டிருந்தால் ஒரு கதையும் இல்லை. வியாபாரிக்கு வாய் சும்மா இருக்குமா? பராசக்தி அம்மாள் முகம் மலர வேண்டும் என்ற ஆசையில், பையை நீட்டும்போதே சொல்லிவிட்டாள்: "அம்மா, இது சாதாரண சுறா இல்ல. கொம்பன். அசல் கொம்பன். உங்களுக்காகத்தான் எடுத்தாந்தேன்."

ஷாமினிக்குப் பால் வந்தது. சுறாவால் வந்ததா, நாள் ஆனதால் வந்ததா, அதை ஆண்டவன்தான் சொல்ல வேண்டும். பராசக்தி அம்மாள் மட்டும் கொம்பனுக்குத்தான் பேர் கொடுத்தார். மூலை வீட்டிலிருந்து கோயில் வரைக்கும் ஜோசபின் பேர்தான். மூன்று பிரசவ வீட்டுக்காரர்கள் புதிதாகத் தேடி வந்தார்கள். அவர்களுக்கெல்லாம் அவள் சாதாரண சுறாதான் கொடுத்தாள். கொம்பன் பக்கமே பிறகு போகவில்லை. ஒரு தடவை தப்பித்தவளுக்கு மறு தடவை துணிச்சல் வரவில்லை, அவ்வளவுதான். திருந்திவிட்டாள் என்று யாரும் புகழ வேண்டாம்.

போன சனிக்கிழமை, கூட்டம் கொஞ்சம் ஓய்ந்த நேரம், சீருடை போட்ட ஒருவர் கடை முன்னால் வந்து நின்றார். உயரமான ஆள், தமிழ் முகம். சட்டையில் ஜெயசங்கர் என்று பேர் இருந்தது.

"அக்கா, மீன்வளத் துறையிலேர்ந்து வரேன். இந்தச் சுறாவுக்கெல்லாம் தலை எங்கே?"

ஜோசபினுக்கு அந்தக் கொம்பன் நினைவுக்கு வந்தது. ஆனாலும் அன்றைக்குக் கடைப் பலகையில் கிடந்தது சுத்தமான சரக்கு. தெம்பாகவே நிமிர்ந்தாள். "பிள்ளை பெத்த வீட்டுக்குத் தலையோட குடுக்கறதில்ல தம்பி. எங்கம்மா காலத்து வழக்கம்."

"தலை இல்லாமச் சுறா வித்தா எங்களுக்கு எப்படி அடையாளம் தெரியும்? தடை செஞ்ச சுறாவைத் தலையை வெட்டிட்டு விக்கிறாங்கன்னு புகார் வந்திருக்கு. இனிமே தலையோட வையுங்க, வாங்குறவங்க முன்னாடி வெட்டுங்க. இன்னிக்கு ஒரு துண்டு எடுத்துக்கறேன். தலை தேவையில்ல, சதையை வெச்சே லேப்ல சொல்லிடுவாங்க."

"எடுத்துக்குங்க தம்பி. எல்லாமே நல்ல மீனுதான்."

அந்த நேரம் பார்த்துத்தான் பராசக்தி அம்மாள் கூடையோடு உள்ளே வர வேண்டுமா! சீருடையைப் பார்த்தார், ஜோசபினின் வெளிறிய முகத்தைப் பார்த்தார், விறுவிறுவென்று வந்துவிட்டார்.

"டேய் சங்கர், இங்கை என்ன செய்யிறாய்? ஜோசபினிலையோ சந்தேகப்படுறாய்?"

"அம்மா, நான் வேலையில இருக்கேன். நீங்க கொஞ்சம் தள்ளுங்க."

அம்மாவா? ஜோசபின் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். பராசக்தி அம்மாளின் மகன் அரசாங்க உத்தியோகம் என்று தெரியும். அது எந்த உத்தியோகம் என்று அவள் ஒரு நாளும் கேட்டதில்லை.

"தள்ளுறதோ? உன்ட பிள்ளை இண்டைக்குக் கொழுகொழு எண்டு இருக்குதே, ஆராலை? இவவாலை! ஊரிலை ஒருத்தரிட்டையும் கிடையாத கொம்பன் சுறாவை எங்களுக்கெண்டு தேடிக் கொண்டு வந்து தந்தவ. நீயும்தானே வறை நல்லாயிருக்கு எண்டு ரெண்டு தரம் போட்டுச் சாப்பிட்டனீ!"

சந்தையே அடங்கிப் போயிற்று. செல்லாயிகூட வாய் திறக்கவில்லை. அதைவிடப் பெரிய அதிசயம் அந்தச் சந்தையில் நடந்ததில்லை.

ஜெயசங்கர் அம்மாவைவிட்டு ஜோசபின் பக்கம் திரும்பினான். "கொம்பனா?" என்றான், மெதுவாக. "அக்கா, அம்மா சொல்றது நெஜமா?"

ஜோசபின் ஒரு நொடியில் எல்லாவற்றையும் கண்டாள். ஆமாம் என்றால் லேசன் போகும், கோர்ட்டுக்கு அலைய வேண்டும். விற்றவளோடு போகாது, வாங்கிய இந்த அம்மாளும் மாட்டுவார். கொம்பனைப் பிடிக்கிற அதிகாரியே வீட்டில் கொம்பன் தின்றான் என்றால் இந்தப் பையனின் வேலை என்னாகும்? தப்பிக்க ஒரே ஒரு வழி இருந்தது. அது அவள் பேரை விழுங்குகிற வழி.

"இல்ல தம்பி" என்றாள். "பொய் சொல்லி வித்தேன். அது சாதா சுறா. கொம்பன்னு சொன்னா நல்ல பேரு கிடைக்கும்னு அம்மாவை ஏமாத்திட்டேன்."

சொல்லி முடிக்குமுன்னே கண்ணில் தண்ணீர் கட்டிக்கொண்டது. இத்தனை வருஷத்தில் ஒரு நாள்கூட அவள் மீனைப் பழைய மீன் என்று யாரும் சொன்னதில்லை. இப்போது சுற்றி நிற்கிற அத்தனை பேர் காதிலும் ஏமாற்றுக்காரி என்று அவள் வாயாலேயே போட்டாயிற்று. மீன் வாங்க நின்ற ஒரு பெண் கையிலிருந்த பையைப் பலகைமேல் திரும்ப வைத்துவிட்டு நகர்ந்தாள்.

ஜெயசங்கர் மூச்சு விட்டான். அவனுக்கு அது போதும் என்று பட்டது. ஆனால் பராசக்தி அம்மாளுக்குப் போதவில்லை.

"என்ன கதை சொல்லுறாய்? என்னை ஏமாத்தினனீயோ? கொம்பனுக்கும் சாதா சுறாவுக்கும் ருசி தெரியாமலோ நான் இவ்வளவு காலம் சமைச்சனான்? இவன்ட சட்டையைப் பார்த்துப் பயந்து பொய் சொல்லுறாய். பொறு, உன்ட பேரைக் கெடுக்க நான் விடமாட்டன். அதிலை ஒரு துண்டு வீட்டிலை ஐஸ் பெட்டியிலை கிடக்கு."

"அம்மா, நில்லுங்க!" என்று மகன் கத்தினான். ஜோசபினும், "வேணாம்மா, விட்டுடுங்க" என்று கெஞ்சினாள். யார் கேட்பது? மூலை வீடு இரண்டு தெரு தள்ளித்தான். அந்த வெயிலில், குடைகூட இல்லாமல், முழங்கால் வலியோடு போன மனுஷி போன வேகத்திலேயே திரும்பி வந்தார். நெற்றித் திருநீறு வியர்வையில் கரைந்து வழிந்தது. கையில் உறைந்த மீன் துண்டு ஒரு பிளாஸ்டிக் பையில்.

"இந்தா, உன்ட லேபிலை குடு" என்று மகனிடம் நீட்டினார். சுற்றி நின்றவர்களைப் பார்த்துக் குரலை உயர்த்தினார். "எல்லாரும் கேளுங்கோ. இது கொம்பன் எண்டு வரும். ஜோசபின் ஒரு நாளும் ஆளை ஏமாத்த மாட்டா."

ஜெயசங்கர் பையைத் தொடவில்லை. "அம்மா, கொம்பன் தடை செஞ்ச மீன். வித்தாலும் குத்தம், வாங்கினாலும் குத்தம். இது கொம்பன்னு வந்தா உங்க மேலயும் கேஸ் வரும். என் வேலைக்கும் ஆபத்து. நல்லா யோசிச்சுச் சொல்லுங்க."

நீட்டிய கை அப்படியே நின்றது. பராசக்தி அம்மாள் மகனைப் பார்த்தார், பிறகு ஜோசபினைப் பார்த்தார். "எனக்கு உது தெரியாதே" என்றார். "ஜோசபின், உனக்கும் தெரியாதுதானே? தெரிஞ்சால் நீ தந்திருக்க மாட்டாய்."

இப்போதுகூட வழி இருந்தது. எனக்கும் தெரியாது அம்மா என்று ஒரு வார்த்தை போதும். தெரியாமல் செய்தது என்று கொஞ்சம் இரங்குவார்கள். அந்தம்மாளும் நம்புவார். நம்புவதற்குத் தயாராகத்தான் நின்றுகொண்டிருந்தார், வழிகிற வியர்வையைக்கூடத் துடைக்காமல். ஜோசபினால் அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு அதைச் சொல்ல முடியவில்லை.

"அது கொம்பன்தான் தம்பி" என்றாள். "நான்தான் வித்தேன். அவங்களுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். யான்ல பலகை வெச்சிருக்கு, படிச்சிட்டுத்தான் எடுத்தேன்."

ஜெயசங்கர் ஓரமாகப் போய் மேலதிகாரிக்குப் போன் போட்டான். இது என் வீட்டு மீன், நான் இந்தக் கேஸைத் தொடக் கூடாது, வேறு ஆளை அனுப்புங்கள் என்று அவன் சொல்வது தெளிவாகக் கேட்டது. ஒரு வார்த்தையையும் அவன் மறைக்கவில்லை.

பராசக்தி அம்மாள் காலி மீன் பெட்டி ஒன்றின்மேல் உட்கார்ந்தார். பை மடியில் இருந்தது. ஐஸ் உருகிப் புடவையை நனைத்தது.

"தெரிஞ்சுகொண்டோ என்ட வீட்டுக்குத் தந்தனீ? என்ட பிள்ளையின்ட உத்தியோகமெல்லோ?"

"அவரு இந்த வேலைன்னு சத்தியமாத் தெரியாதும்மா. ஆனா தப்புன்னு தெரியும்."

"அப்ப முதல் சொன்ன பொய்யிலையே நிண்டிருக்கலாமே. எல்லாரும் தப்பியிருப்பம்."

ஜோசபின் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "நிக்கத்தான்மா பார்த்தேன். நீங்க வெயில்ல ஓடிப்போய் அதைத் தூக்கிட்டு வந்து, நான் நல்லவள்னு ஊரைக் கூட்டிச் சொன்னீங்களே. அப்புறம் எப்படிம்மா நிக்கிறது?"

பராசக்தி அம்மாள் எழுந்து போகவில்லை. அலோர் ஸ்டார் அலுவலகத்திலிருந்து அடுத்த அதிகாரி வந்து சேரும்வரை இரண்டு பேரும் அங்கேயே இருந்தார்கள்.